நாற்பத்தொன்று

வெள்ளைப் பலகையில் முதலில் எழுதியது நான்தான்:
"ஜனவரி இலக்கு: நாற்பது குழி."
நாற்பத்தொன்று மூடினோம்.
வின்னிபெக்கின் மைனஸ் முப்பத்திரண்டில்,
மண் கருங்கல்லாய்க் கிடக்க,
ஃபெர்டியின் இமைமயிர் உறைந்து ஒட்டிக்கொள்ள,
நாற்பத்தொன்று.
மேலதிகாரி கேக் அனுப்பினார்.
நீலக் கிரீமில் அந்த எண்கூட இருந்தது.

வெட்டும் நேரத்தில்தான் அந்த அழைப்பு.
செல்கர்க் அவென்யூ. இளம் குரல்.
"குழியை மூடிவிட்டுப் போய்விட்டீர்கள்.
மூன்று நாளாய்க் குழாயில் சொட்டு இல்லை.
பனியை உருக்கிப்
பிள்ளையின் பால்புட்டி கழுவுகிறேன்."

கணினியில் பார்த்தேன்.
இருபத்தேழாம் எண். பச்சை நிறம். முடிந்தது.

"வால்வுக்கு அப்பால் வீட்டுக்காரன் பாடு" என்றான் லோர்ன்.
விதிப்படி சரி.
டெல்ஃபின் ஒன்றும் சொல்லவில்லை,
கையுறையை மாட்டத் தொடங்கினாள்.

முதலில் குழாய் இருமியது.
பிறகு துருநிறத்தில் துப்பியது.
பிறகு, கொஞ்சம் பொறுத்து, தண்ணீர்.
அவன் நன்றி சொல்லவில்லை.
கெட்டிலை நீட்டினான், நிரம்பியதும் உள்ளே போய்விட்டான்.
லோர்ன் மட்டும் குழாயடியிலேயே நின்றான்.
பதினாறு வருடமாய்த் தெருவைத் தோண்டுகிறவன்
அதன் மறுமுனையை அன்றுதான் பார்த்தானாம்.

மறுநாள் காலை நால்வரும் பலகை முன்.
"நாம் எதற்கு இருக்கிறோம்?" என்றேன்.
கேட்டதுமே கூச்சமாக இருந்தது,
பயிற்சி வகுப்பில் பிஸ்கட்டோடு கேட்கிற கேள்வி அது.
"சேவை" என்றான் ஃபெர்டி. எழுதி, அழித்தேன்.
"தரம்." அதுவும் போயிற்று.
"குழாயில தண்ணி வரணும்," என்றாள் டெல்ஃபின், "அவ்வளவுதானே."
லோர்ன் விடவில்லை:
"யார் குழாயில்? எந்த மாடிவரை?
ராத்திரி பத்து மணிக்கு ஆள் கதவைத் திறக்காவிட்டால்?"
கோபத்தில்தான் கேட்டான்.
அந்தக் கோபத்தில்தான் வாக்கியம் உருப்பட்டது.

படிவத்தில் புதிதாய் ஒரு கட்டம்:
'உள்ளே போய்த் திறந்து பார்த்தாயிற்றா?'
பார்க்காவிட்டால் பச்சை கிடையாது, மஞ்சள்.
மறுநாள் மீண்டும் அதே வாசல்.

பிப்ரவரியில் இருபத்தொன்பது.
கேக் வரவில்லை. மின்னஞ்சல் வந்தது:
"எண்ணிக்கை ஏன் சரிந்தது? விளக்கம் தேவை."

பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
மூன்றாம் முறையாக அழித்துவிட்டு.
வெளியே லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.
லோர்ன் ஒருதரம் ஹாரன் அடித்தான்.
மஞ்சள் இன்னும் ஐந்து பாக்கி.