இடப்பக்கம் இரண்டு அடி

பிரெஸ்ட் துறைமுகத்தில் எனக்கு ஓத அட்டவணை வேலை.
கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று
கடலுக்கு முன்னால் எழுதிவைப்பவன்.

மவுஸைத் தொடாத எடிட்டர் என்னுடையது.
இடம், கீழ், மேல், வலம் போக
ஹெச், ஜே, கே, எல்:
எந்த ஊர் விசைப்பலகையிலோ
யாரோ பக்கம் பக்கமாய் உட்காரவைத்த நால்வர்.
என் பலகை பிரெஞ்சுக்கென்றே அடுக்கியது.
அதில் இருவர் மாடியில், இருவர் தரையில்.
படியேறிப் படியிறங்கி
ஒரே வாரத்தில் மணிக்கட்டு முறைத்துக்கொண்டது.

நான்கு வரி எழுதினேன்.
இனி சி இடம், டி கீழ், எஸ் மேல், ஆர் வலம்.
கை ஓய்ந்து கிடக்கும் வரிசையிலேயே எல்லாத் திசையும்.
ஆனால் குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டால்
வீடு பார்த்துத் தர வேண்டுமே.
சி பார்த்த வேலை எல்லுக்குப் போனது,
டி-யுடையது ஜேவுக்கு,
எஸ்ஸின் சாமான் கேவிடம், ஆரின் சாவி ஹெச்சிடம்.
மூன்று நாள் தட்டுத் தடுமாறினேன்.
நான்காம் நாள் விரலுக்குத் தெரிந்துவிட்டது,
எனக்கு மறந்துவிட்டது.

மார்ச் கடைசி ஞாயிறு, விடியுமுன்
நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி தாவியது.
அட்டவணை தாவவில்லை.
காவல் அறையிலிருந்து கத்தெல் கூப்பிட்டாள்:
"வற்றம் ஐந்து பன்னிரண்டுக்காம்.
மட்டி பொறுக்க வருகிறவர்கள்
என்னைத்தான் திட்டுவார்கள்."

துறைமுக சர்வருக்குள் நுழைந்தேன்.
என் நான்கு வரி அங்கே இல்லை,
பிறந்தமேனிக்கு எடிட்டர்.
கர்சர் ஒன்றின் மேல் நின்றது.
ஐந்தை ஆறாக்க, இடப்பக்கம் இரண்டு அடி.
சி. சி.

வரியைக் காணோம்.

அந்த வீட்டில் சி என்றால் அழித்து எழுது,
இரட்டித்துச் சொன்னால் வரி முழுதும்.
பதறிக் கீழே போகப் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமையின் வற்றம் இருந்த இடத்தில்
மூன்று டி.
"ஆச்சா?" என்றாள் கத்தெல்.
"ஒரு நிமிஷம்."

எஸ்கேப். யூ.
வரி வந்தது, பழைய நேரத்தோடு.
யூவை மட்டும் நான் குடிமாற்றியிருக்கவில்லை;
முன்யோசனை இல்லை, ஞாபகமே வரவில்லை, அவ்வளவுதான்.

பிறர் அடுக்களையில் உப்பு தேடுகிறவனாக
ஒற்றை விரலால் ஹெச்சைத் தேடினேன்,
கீழ்வரிசையில், வலது ஓரத்தை ஒட்டி.
ஓர் அடி.
இன்னும் ஓர் அடி.
பிறகு ஆர். என்னிடம் அது வலம், இங்கே மாற்று.
ஆர், ஆறு.

"ஆறு பன்னிரண்டு," என்று வாசித்தாள் கத்தெல்.
சன்னல் திறக்கும் சத்தம்.
"பாறை இப்பவே தெரிய ஆரம்பிச்சாச்சு."