ஆறப் பொறுத்தல்

ஒரே கெண்டியிலிருந்து இரண்டு கோப்பைத் தேநீர்.
ஒன்றில் என் வெப்பமானி, மற்றது அவர் கையில்.
"வழக்கமாகக் குடிக்கும் சூடு வந்ததும்
சொல்லுங்கள்" என்று
நான் முடிப்பதற்குள் குடித்துவிட்டார் ஓராஸ்.
எழுபத்து மூன்று டிகிரி.
அந்தக் கோப்பையைத் தொட்ட என் விரல்
காதுமடலைத் தேடி ஓடியது.

ஈரானின் வடகிழக்கில்
பருத்திக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில்
அவர் வீடு.
கம்பளி வியாபாரி, ஐம்பத்திரண்டு வயது,
பங்கேற்பாளர் எண் 2317.
துர்க்மென் வீட்டில் விருந்தாளிக்கு ஆளுக்கொரு கெண்டி.
ஒரு நாளைக்குப் பதினோரு வீடு எனக்கு.
சிறுநீரகத்தைப் பற்றியும் யாராவது
ஆய்வு செய்தால் நல்லது.

கேள்விகள் நூற்றுப் பதினான்கு.
பல் எத்தனை மிச்சம்?
கிணற்று நீரா, குழாய் நீரா?
வாரத்தில் எத்தனை நாள் பழம்?
அபின் என்ற கேள்வி வந்தபோது
அவர் மனைவி ஒகுல்சோல்தான் எழுந்துபோய்
இல்லாத பூனையை விரட்டினாள்.
"எப்போதாவது" என்றார் அவர்.
எப்போதாவது என்றொரு கட்டம்
என் தாளில் இல்லை.

அப்பாவுக்குக் கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லையாம்.
சித்தப்பாவுக்கும் அப்படித்தான்.
நோய் என்று யாரும் சொல்வதில்லை இங்கே.
தொண்டை அடைத்துவிட்டது என்பார்கள்,
கடை அடைத்துவிட்டது என்பதுபோல.

வசந்தத்தில் பரிசோதனைக்கு வந்தார்.
வாய் வழியே குழாய், குழாயின் நுனியில் கண்.
அயோடின் தெளித்தார்கள்.
நலமான இடமெல்லாம் பழுப்பேறியது.
நகக்கண் அளவு ஓரிடத்தில் மட்டும்
சாயம் பிடிக்கவில்லை.
திரையைப் பார்த்துக் கையை ஆட்டினார்,
குழாயை எடுத்தபின் சொன்னார்:
"கம்பளியில் இப்படி ஓர் இழை இருந்தால்
மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்புவேன்."
டாக்டர் அந்த இழையை மட்டும் எடுத்தார்.

அதன்பின் ஆண்டுக்கு ஒரு போன்.
உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கக் கூடாது,
மருத்துவமனையில் சேர்ந்தீர்களா என்றுதான்
தொடங்க வேண்டும்.
அவரே முந்திக்கொள்வார்:
"எழுதிக்கொள். 2317 இன்னும் கடன்காரன்."

பக்கத்து வீட்டு 2318
கொதிக்கக் கொதிக்கக் குடித்து
எண்பதிலும் குதிரையேறுகிறார்.
அதையும் பதிந்தேன்.
தேநீரே தொடாத 2322
போன பனிக்காலத்தில் போய்விட்டாள்.
மகன் எடுத்தான் போனை.
கடைசி வாரங்களில் விழுங்க முடிந்ததா
என்று அவனிடம் கேட்க வேண்டியிருந்தது.
கேட்டேன்.
அவன் வெகுநேரம் யோசித்து
"பேரீச்சம்பழம் கேட்டாள்" என்றான்.
அதற்கும் கட்டம் இல்லை.

எங்கள் அட்டவணையில் 'நிகழ்வு' என்றொரு பத்தி உண்டு.
ஓராஸின் வரிசையில்
எட்டு ஆண்டாக அது வெற்று.
கத்தியால் வந்த வெற்றா,
ஆறிய தேநீரால் வந்ததா,
சும்மாவே வந்ததா?
ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.
வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.
நாற்பதாயிரம் பேரை அடுக்கினால்
ஏதோ ஒன்று மெல்லத் தெரியும்,
பனிமூட்டத்தில் மந்தை தெரிவதுபோல.
எந்த ஆடு என்று கேட்காதீர்கள்.

ஒன்பதாம் ஆண்டு
போனை எடுத்தது ஒகுல்சோல்தான்.
நான் வாய் திறக்கவில்லை.
"ஏன் பேசமாட்டேன் என்கிறாய்?
இருக்கிறார்.
தேநீர் ஊற்றி உட்கார வைத்திருக்கிறேன்.
ஆக்கப் பொறுத்த மனுஷனுக்கு
ஆறப் பொறுக்காதா?"
பின்னால் அவர் குரல்:
"ஆறின தேநீரும் ஆட்டு மூத்திரமும் ஒன்று!"

அவள் போனை வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.
யாரோ கதவைத் திறந்தார்கள், ஆடு ஒன்று கத்தியது,
ஸ்பூன் இரண்டு முறை விளிம்பில் இடித்தது.
என் படிவத்தில் பேனா காத்திருந்தது.

பிறகு கேட்டது,
நீளமாக,
வெட்கமே இல்லாமல்,
ஓர் உறிஞ்சல்.