வந்தால் என்ன செய்ய

மண்டபம் வடகரை, விசைப்படகுச் சங்கத்து அறை.
காலை ஒன்பது.
வாடை அடித்து ஜன்னல் கொக்கி ஆடுகிறது.
ஜெனோவா டோக்கன் பட்டியலில்
வரி வரியாய்ச் சிவப்படிக்கிறாள்.
கரை வராத படகுக்கு ஒரு வரி,
வரிக்கு நாலு சொடுக்கு,
நடுநடுவே போன்:
"அக்கா, எங்க ஆளு வந்துட்டாரா?"

நான் பக்கத்து ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவன்.
பிரிண்டருக்கு மை கடன் கேட்கப் போனேன்.
வாய் சும்மா இருக்கவில்லை.
"இதை மெஷினே செய்யும்."

"கோடு எழுதணுமா? ஆளை விடு."

"சிவப்படிக்க நீ எதைப் பார்க்கிறே?"
"வந்த நேரம் காலியா இருந்தா."
"அதையேதான் எழுதப் போறே."

ஆல்ட்டையும் எஃப் பதினொன்றையும் சேர்த்து அமுக்கினோம்.
வெறும் திரை ஒன்று திறந்தது.
அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஐன்னு போட்டிருக்கே, அது யாரு?"
"மேலிருந்து கீழே நடக்கிற ஆள்.
ஒவ்வொரு வரியிலும் நின்னு எட்டிப் பார்ப்பான்."
"ஒண்ணுலேருந்தா?"
"ரெண்டுலேருந்து. முதல் வரி தலைப்பு,
அது கடலுக்குப் போகாது."
"எது வரைக்கும்?"
யோசிக்காமல் ஐந்நூறு என்றேன்.

ஓட்டினோம்.
திரையின் அடி மட்டும் சிவப்பு.
இருந்ததே நூற்று முப்பத்தேழு படகு.
இல்லாத முந்நூற்று அறுபத்திரண்டும்
கரை சேரவில்லை என்றது மெஷின்.
ஜெனோவா சிலுவை போட்டுக்கொண்டு,
அப்புறம்தான் சிரித்தாள்.
"பேரில்லாத படகை
எந்தத் தீவுல போயித் தேட?"
அதையும் எழுதினோம்:
பேர் இருந்து, நேரம் இல்லையென்றால்.

இப்போது பதினொரு வரி சிவப்பு.
விரல் வைத்து எண்ணியவள் நிமிர்ந்தாள்.
"பன்னிரண்டு வரணும்.
நாற்பத்தொண்ணு வெள்ளையா நிக்குது பாரு,
ஆரோக்கிய ராக்கினி."
"வந்திருக்கும்."
"வரலை."
அவள் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை.
ஜன்னலுக்கு வெளியே, ரெண்டு பச்சைப் படகுக்கு நடுவில்,
"அது கட்டுற இடத்துல தண்ணிதான் கிடக்கு."

கட்டத்துக்குள் போய்ப் பார்த்தோம்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
கர்சர் மட்டும் ஓரடி தள்ளி நின்றது.
யாரோ ஒருவர் கட்டைவிரல் பட்டு
ஓர் இடைவெளி உள்ளே விழுந்திருக்கிறது.
ஏதோ இருக்கிறது, ஆக வந்துவிட்டது:
மெஷினின் நியாயம் அவ்வளவுதான்.
ட்ரிம் என்று ஒரு சொல் சேர்த்தோம்.
நாற்பத்தொன்று சிவந்தது.
போன் அடித்தது.
"இன்னும் இல்லம்மா. பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

எனக்கு ஐஸ் கம்பெனி நினைவு வந்தது.
ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு
இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது அதை.
இன்ஜின் கோளாறு. ஆள் எல்லாம் சுகம்.
ஜெனோவா ஓடிவந்து நேரம் அடித்தாள்,
ஓட்டினாள்.
சிவப்பு.
மறுபடி ஓட்டினாள்.
சிவப்பு.
"வந்துருச்சுன்னு சொல்றேன்ல!"
என்று திரையை அதட்டினாள்.

தப்பு எனக்குப் புரிந்துவிட்டது.
நான் வாய் திறக்கும் முன்னே
நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள்.
"வராட்டி என்ன செய்யன்னு சொல்லிக் குடுத்தோம்.
வந்தா என்ன செய்யன்னு
நாம சொல்லவே இல்லையே."

எல்ஸ்.
எழுத்துக் கூட்டித் தானே அடித்தாள்.
நிறமே வேண்டாம் என்பதற்கு
என்ன எழுதுவதென்று மட்டும் கேட்டாள்.
சொன்னேன்.
நாற்பத்தொன்று வெளுத்தது.
அடுத்த வரியைப் பார்க்கப் போய்விட்டாள்,
இன்னும் நாலு பாக்கி இருந்தது.

கிளம்பும்போது கூப்பிட்டாள்.
மேசையை ஒரு முழம் நகர்த்தணுமாம்,
திரையும் ஜன்னலும்
ஒரே பார்வையில் விழும்படி.
ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம்.
மை கேட்க வந்தது
ஐஸ் கம்பெனிப் படியேறும்போதுதான் நினைவு வந்தது.