அளவு நாடா

டிசம்பர் இருபத்தெட்டு.
முப்பத்தொன்றுக்குள் செலவழியாவிட்டால்
காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும்.
இது தெரியாத மழை
கோமாரியிலிருந்து அக்கரைப்பற்று வரை
விடாமல் பெய்கிறது.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.
மழைக்கோட்டுக்குள் கோப்பு,
கையில் முப்பது மீற்றர் நாடா.
கடவுள் இருக்கிறாரா என்று
யாரும் என்னிடம் கேட்பதில்லை.
சுவர் இருக்கிறதா?
இருந்தால் எத்தனை அடி?

கோயிலில் மடைப்பள்ளித் தளம்.
பள்ளிவாசலில் ஹவுளின் விளிம்பு.
மாதா கோயிலில் பாதி மதில்,
மீதியை ஆடு தாண்டுகிறது.
விகாரையில் தண்ணீர்த் தாங்கி, மூடியில்லை.
எல்லா இடத்திலும் யாரோ ஒருவர்
நாடாவின் பூச்சிய முனையைப் பிடித்து நின்றார்.
அந்த முனையில்தான் துரு.

சீமெந்து எங்கும் ஈரம்.
பெயர்ப்பலகை மட்டும் நன்றாகக் காய்ந்திருக்கிறது.
அமைச்சரின் பெயர் ஒரு சாண் உயரம்.
அம்மாளின் பெயரைக்
குனிந்துதான் படிக்க வேண்டும்.

தம்பிலுவில் கடற்கரைப் பக்கம்
ஓலைப் பந்தல் கண்ணகைக்குப் பொருளாளர்
கோணாமலை. வலை பொத்திக்கொண்டே சொன்னார்:
"வேணாம் மிஸ்.
அம்மாளுக்குக் கடன்பட்டா அவ பொறுப்பா.
கவர்மென்டுக்குப் பட்டா
எலக்சனுக்கு வாசல்ல வந்து நிப்பான்."
சரியென்று பட்டது.

உதுமாலெவ்வை காக்கா
பிளேன்டி தந்து சொன்னார்:
"நம்மட காசிதானே மிஸ்.
சீனியில வெட்டினாங்க, பருப்புல வெட்டினாங்க.
அதுல கொஞ்சம்
அல்லாஹ்ட ஊட்டுக்கு வந்தா என்ன?"
அதுவும் சரியென்று பட்டது.
தேநீர் சூடாக இருந்ததாலும் இருக்கலாம்.

கோணாமலை வேண்டாமென்ற இரண்டு இலட்சத்தைத்
தாய்சேய் நிலையத்துக்குக் கேட்டேன்.
"தலைப்பு வேற," என்றார் கணக்காளர்.
ஒரு தலைப்பின் காசு
இன்னொரு தலைப்புக்கு மதம் மாறாது.
"பின்னேரத்துக்குள்ள
ஓம் சொல்ற சாமி ஒண்டப் பாருங்க."

போகும் வழியில்தான் அந்த நிலையம்.
தகரம் ஒழுகுகிறது.
நிறுவைத் தராசில் ஒரு குழந்தை,
அதன்மேல் குடை,
குடை பிடித்த மருத்துவிச்சி நனைந்தபடி.

மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.
கோப்பிலக்கம் இல்லை, கடிதம் இல்லை.
வரிசையில் நின்ற ஒருத்தி, கேட்காமலே,
துருப்பிடித்த முனையை வாங்கி
மூலைக்கு நடந்தாள்.

பதினெட்டுக்கு ஒன்பது.

எந்தப் பக்கத்தில் எழுத?