தாய்ப்பால் மட்டுமா

மல்லாவியிலிருந்து ஐயன்கன்குளத்துக்கு
ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ்பெட்டி கட்டிப் போகிறவள் நான்.
மீன்காரி என்று நினைத்து
இரண்டு தரம் மறித்திருக்கிறார்கள்.
திறந்து காட்டினேன்:
பதினொரு சின்னப் போத்தல்,
ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் காலைக் கக்கா.
‘மூடு பிள்ளை, மூடு’ என்றார் ஒருவர்.

முப்பத்தோராம் இலக்கம் நிரோஜினியின் மகன்.
முதல் மாதம் அவனுடையது பச்சை கலந்து நாறியது.
பி.எச். தாள் செம்மஞ்சளுக்கு வரவே மாட்டேன் என்றது.
படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்:
தாய்ப்பால் மட்டுமா?
ஓம்.
சீனித்தண்ணி, பால்மா, கோரோசனை?
இல்லையக்கா, சத்தியமா.
பொய்யில்லை. சட்டை
இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

பாலில் ஒரு சீனி இருக்கிறது,
குடிக்கிற பிள்ளைக்குச் செரிக்காத சீனி.
தாயின் உடம்பு மினக்கெட்டு அதைக் காய்ச்சுவது
வேறு ஆட்களுக்கு.
நுணுக்குக்காட்டியில் பார்த்தால்
கெற்றப்போல் தடிபோலக் கவர்விட்டு நிற்பார்கள்.
தின்பார்கள், புளிக்கவைப்பார்கள்,
புளித்த குடலில் கெட்டது கால்வைக்காது.
நிரோஜினியின் பிள்ளைக்குள்
இலை போட்டுப் பரிமாறியபடி கிடந்தது.
பந்தியில் ஒருவருமில்லை.

‘அதுகள் எங்கயிருந்தக்கா வாறது?’
கூடுதலா, தாயிட்டயிருந்து.
‘தாய்க்கு?’
அவவின்ர தாயிட்டயிருந்து.
ஏணையை ஆட்டிய கை நின்றது.
‘நான் விசுக்கோத்துத் தண்ணியில வளந்தனான்.
ஸ்கந்தபுரத்தில, மரத்துக்குக் கீழ.
அம்மாவுக்கு நெஞ்சில காயம்.’

அதுதான் காரணம் என்று எழுத
எனக்கு அனுமதி இல்லை.
ஒரு பிள்ளையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
பேனையை மூடினேன்.

நாலாம் மாதம்
போத்தலைத் திறக்க முதல்நாள் தயிர் மணந்தது.
கடுகு மஞ்சள்.
தாள் தொட்டவுடன் செம்மஞ்சள்.
ஆய்வுகூடத்திலிருந்து கடிதம்:
முப்பத்தொன்றில் இருப்பதும் பத்தொன்பதில் இருப்பதும்
ஒரே வம்சம், எழுத்துக்கு எழுத்து.

போத்தலை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று
இரண்டு இரவு நித்திரையில்லை.
திரும்பப் போய் எடுத்தேன். திரும்பவும் அதே.

பத்தொன்பது, அடுத்த வளவு வசந்தமலரின் மகள்.
இரண்டு வீடும் கதைத்து இரண்டு வருஷம்.
கதியால் ஓரடி தள்ளி நட்டதாக
இணக்கசபையில் வழக்கு நடக்கிறது.

நான் பத்தொன்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.
பிள்ளைக்கு இடையில் ஏதும் நடந்ததா என்று மட்டும் கேட்டேன்.
நிரோஜினி வாசலைப் பார்த்தாள், புருஷன் இல்லை.
பாவாடையைக் கணுக்கால்வரை உயர்த்தினாள்.
இரண்டு புள்ளி, சுற்றிலும் தோல் கறுத்து.
‘அரிவிவெட்டுக்குச் சோறு கொண்டு போகேக்க புடையன்.
மூண்டு நாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரி.
இவன் போச்சியைத் துப்பித் துப்பிக் கத்தினவனாம்.’

பிறகு?

‘ராவில ஆரோ வேலிப் பொட்டுக்குள்ளால கை நீட்டினதாம்.
இவர் பிள்ளையைக் குடுத்திட்டு
அங்கால திரும்பி நிண்டவராம்.
விடிய முதல் பிள்ளை திரும்பி வந்திடும்.
மூண்டு ராவும்.
ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல.
இப்பவும் கதைக்கிறேல்ல, அக்கா.
வாற மாதம் திரும்ப வழக்கு.’

ஏணைக்குள் அவன்
தன் பெருவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான்,
வயிற்றுக்குள் பந்தி நிறைந்து.

படிவத்தை எடுத்தேன்.
முதல் கேள்வி: தாய்ப்பால் மட்டுமா?
‘ஓம்,’ என்றாள், என் கண்ணைப் பார்த்து.
எந்தத் தாய் என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.
ஓமுக்கு நேரே புள்ளடி போட்டேன்.

வெயில் ஏறிவிட்டது.
ஐஸ் உருக முதல் மல்லாவிக்குப் போகவேண்டும்.