இரண்டு முனை

நான்காம் பக்கத்தில் தூங்கிப்போனான் எலிசேயோ,
என் கட்டுரையே தலையணை.
'ஆகவே' என்ற சொல்லின் மேல்
எச்சில் ஒரு சிறு ஏரி.

குறை சொல்ல முடியவில்லை.
"பண்டைக் காலம் தொட்டே மனிதன்
காற்றோடு போராடி வருகிறான்"
என்று தொடங்கியவள் நான்தான்.
பண்டைக் காலத்தை எனக்கென்ன தெரியும்?
பேரங்காடியில் மாலை ஷிஃப்ட், ஏழாம் கல்லா,
வெள்ளி நண்பகல் கெடு,
அவ்வளவுதான் தெரியும்.

மீதிப் பக்கமெல்லாம்
கருதப்படுகிறது
அறியப்படுகிறது
எனவும் கூறலாம்.

போன கட்டுரையின் ஓரத்தில்
பென்சிலில் ஒற்றைச் சொல் வந்திருந்தது: யார்?
அன்று கோபம்.
இன்று அதே சொல்லை நானே
பதினான்கு இடத்தில் எழுதினேன்.
தேறியது முந்நூறு சொல்.

வெளியே வந்தேன்.
புந்தா அரேனாஸில் நவம்பர்க் காற்று
மணிக்கு நூற்றுப்பத்து.
நகராட்சி ஆட்கள் சதுக்கத்து மூலையில்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தார்கள்,
கடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
முன்னால் ஒருத்தி, கேக் பெட்டியோடு.
பின்னால் துறைமுகத் தொழிலாளி ஒருவர்.
வாய் திறந்தால் காற்று புகும் என்று
பேசாமல் நகர்ந்தோம்.

நானும்தான் திரித்திருந்தேன் கயிறு,
ஏழு பக்கத்துக்கு.
எந்த முனையும் எதிலும் கட்டாத கயிறு.
நம்பிப் பிடித்தவர் பறந்துபோவார்.
எலிசேயோ புத்திசாலி, தூங்கிவிட்டான்.

வீட்டுக்குள் போகாமல்
என் தெருவின் கூரைகளை எண்ணினேன்.
பதினேழு தகரம்.
நான்கின் மேல் பாறாங்கல். ஒன்றின் மேல்
துருப்பிடித்த தையல் இயந்திரம்.
ஏன் என்று கேட்டதற்கு
திருமதி வுக்காசோவிச்
கதவை ஒரு விரல் அளவு திறந்து,
"ஆணி அடித்தால் வீட்டுக்காரன்
வாடகையில் கழிக்க மாட்டான்" என்றாள்.
"இது சும்மா கிடந்தது."

நள்ளிரவு தாண்டி அழித்தேன்,
பண்டைக் காலத்தை, மனிதனை, போராட்டத்தை.
முதல் வரி இப்போது இப்படி:
"எங்கள் தெருவின் கூரைகளைப் பெயர்ப்பது காற்று அல்ல,
வாடகை ஒப்பந்தம்."
ஒரு முனை இது.
மறு முனை அந்தத் தையல் இயந்திரம்.
நடுவில் இன்னும் தொய்வு,
ஆயிரத்தறுநூறு சொல்லுக்கு.

எலிசேயோவை உலுக்கி எழுப்பி நீட்டினேன்.
கன்னத்தில் 'ஆகவே' தலைகீழாய் ஒட்டியிருந்தது.
ஒரு வரி படித்தான். நிமிர்ந்தான்.
"தப்பு. எங்கள் தெருவில் சொந்த வீட்டுக்காரர்களும்
கல்தான் வைக்கிறார்கள்."

கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன்.
விடியும்வரை சண்டை.