பதினைந்து மீட்டர்

குளிர்காலம் முழுக்க எய்மான்டாஸோடு சண்டை.
அவன் ஐஸ்லாந்தில், மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
நான் கௌனாஸில், பகலெல்லாம் டிராலிபஸ் ஓட்டுகிறவன்.
அவன் டிரம்ஸ் வாசித்து அனுப்புவான்.
அதன்மேல் பேஸ் கிடாரைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன்.
ஒரே சொல்லில் பதில் வரும்:
முந்துகிறாய்.

முந்துகிறேனா? நானா?
பத்தொன்பது வருஷம் அவனுக்கு வலப்பக்கம் நின்றவன்.
பெடலில் கால் இறங்குமுன்
அவன் முழங்கால் அசைவதைப் பார்த்தே
விரலை இறக்கியவன்.

என் காதில் நான் பிந்தித்தான் கேட்டேன், சத்தியமாக.
கம்பியைச் சுண்டினால்
ஹெட்போனுக்கு அது வந்து சேர்வதற்குள்
சின்னதாக ஒரு சந்தேகம் வந்துவிட்டுப் போகும்.
நான் சொன்னதை
யாரோ எனக்கே மொழிபெயர்த்துச் சொல்வதுபோல.
கை தானாகவே முன்கூட்டி எழக் கற்றுக்கொண்டது.
பனி உறைந்த சரிவில், நிறுத்தம் வருமுன்பே
பிரேக்கைத் தேடும் கால் இருக்கிறதே, அந்தப் புத்தி.
காதுக்கு எல்லாம் சரி.
கணினியோ நான் கேட்டதை எழுதவில்லை.
நான் தொட்டதை எழுதிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.
ஒலி வெளியேறும் துளையிலிருந்து ஒலி நுழையும் துளைக்கு
ஒரே கேபிளை மாட்டினேன்,
தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பாக.
ஒரு 'டிக்' அனுப்பினேன்.
திரையில் இரண்டு முள்:
போனது ஒன்று, வந்தது ஒன்று.
நடுவில் வெறும் கோடு.
நாற்பத்து மூன்று மில்லிசெகண்ட்.

இமை கொட்டக்கூடப் போதாது.
ஆனால் ஒலி அதற்குள்
பதினைந்து மீட்டர் நடந்துவிடும்.
கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன், அளக்கும் நாடாவுடன்.
என் ஜன்னலுக்கு நேர்க்கீழே தொடங்கி,
சைக்கிள் கம்பிகளைத் தாண்டி,
ஸ்டெபோனாஸின் பழைய ஔடிக்கு மேலாக நாடாவை இழுத்து…
குப்பைத் தொட்டிகள்.
கண்ணாடிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, மீதிக்கெல்லாம் ஒன்று.
மூன்று மாதமாக இங்கே நின்றுதான்
என்னை நான் கேட்டிருக்கிறேன்,
மேலே விளக்கெரியும் அந்த ஜன்னலில்
யாரோ வாசிப்பதை.

ஸ்டெபோனாஸ் பாட்டில்களோடு வந்தார்.
எதையாவது தொலைத்துவிட்டாயா?
இல்லை, அளக்கிறேன்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
பாட்டில்கள் விழுந்தன, அதே நொடியில் சத்தம்.
பொறாமையாக இருந்தது.

வாளிதான் காரணம்.
பஃபர் என்று பெயர்.
கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகத் தராது;
நிரம்பட்டும் என்று காத்திருந்து ஊற்றும்.
ஆயிரத்து இருபத்து நான்கு சொட்டு பிடிக்கும் வாளி என்னுடையது.
அறுபத்து நான்காகக் குறைத்தேன்.
ஆகா, விரலும் ஒலியும் ஒன்று!
நாலு நொடிதான்.
அப்புறம் கொதிக்கும் எண்ணெயில் ஈரக்கை பட்டதுபோல்
படபடவென்று வெடித்தது.
கிழட்டு மடிக்கணினி
அத்தனை வேகமாக வாளி மாற்ற முடியாமல் மூச்சிரைத்தது.
நூற்று இருபத்தெட்டிலும் பொரிந்தது.
இருநூற்று ஐம்பத்தாறில் அடங்கியது.
பதினோரு மில்லிசெகண்ட்.
என் நாற்காலியிலிருந்து சமையலறை அடுப்பு வரை.
அது போதும்; மேடையில்
ஆம்ப்ளிஃபையர் அவ்வளவு தூரத்தில்தானே இருக்கும்.

ஒரு சிக்கல் மிச்சம்: கை.
அது இன்னும் குப்பைத் தொட்டிக்காக வாசித்தது.
கேட்கவேண்டிய தாமதம் இல்லாமல்
படி இல்லாத இடத்தில் கால் வைத்துத் தடுமாறியது.
பழக இரண்டு வாரம் பிடித்தது.

எய்மான்டாஸுக்கு எல்லாவற்றையும் எழுதினேன்,
முள், கேபிள், வாளி, ஔடி.
முந்தியது நான்தான், பிந்தியது கணினி,
நீ சொன்னது சரி,
நான் உன்னைத் திட்டியது தப்பு.
நாலு நாள் பதில் இல்லை.
இந்த வாளியை எங்கே போய்க் குறைப்பது?

ஐந்தாம் நாள்,
டிப்போவில் கம்பத்தைக் கம்பியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தது:
சரி விடு.
இங்கே ஒரே புயல், மின்சாரமில்லை.
ஆனால் அந்த மூன்றாவது பாட்டு இருக்கிறதே,
அதில் நீ பிந்தியிருக்கிறாய்.
அது கணினி இல்லை.